வட்டத்துக்குப் பஞ்சடைத்தவள்

காகிதத்தில் எதை வரைந்து கொடுத்தாலும் அதற்கு ஓர் உடம்பைக் கொடுத்துவிடுவது அந்தத் தையல்காரியின் பழக்கம். பின்னே என்ன, ஜாக்கெட் படத்தைப் படம் மாதிரியே தட்டையாகத் தைத்துக் கொடுத்தால் யார் அதற்குள் நுழைவது? அந்தப் பழக்கம்தான் அவளைக் கவிழ்த்துவிட்டது.

இந்தத் தடவை படம் வரைந்து கொடுத்தவள் அவளுடைய நாத்தனார். பள்ளிக்கூடத்தில் தற்காலிக டீச்சர். ஆய்வாளரம்மா வந்து அவள் பாடம் நடத்துவதைப் பார்க்கப் போகிறார். பிடித்துப்போனால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். "அண்ணி, துணியில ஒரு வட்டம், ஒரு சதுரம், ஒரு முக்கோணம். நல்லாப் பெருசா இருக்கட்டும்" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அண்ணிக்காரி மூன்று நாளாக வந்த துணியையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு உயிரைக் கொடுத்துத் தைத்தாள்.

ஆய்வு நாள் காலையில், மடித்து எடுத்துப்போக ஒரு சின்னப் பையோடு வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டாள். மேஜைமேல் பஞ்சடைத்த பந்து ஒன்று, பெட்டி ஒன்று, கோபுரம் ஒன்று. மூன்றும் கொழுகொழுவென்று உட்கார்ந்திருந்தன.

"என்ன அண்ணி இது?"

"நீ கேட்டதுதான். அமுக்கிப் பாரேன், எவ்வளவு மெத்துனு இருக்கு!"

"ஐயையோ! வட்டம்னா தட்டையா இருக்கணும் அண்ணி! நீளம் அகலம் மட்டும்தான், கனமே கிடையாது. இது வட்டமில்ல, கோளம்! என் வேலைக்கே உலை வெச்சிட்டீங்களே!"

அண்ணிக்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. வேறு வெட்ட நேரம் ஏது? மூன்றையும் இரண்டு மூட்டையாகக் கட்டி, ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். வகுப்பு வாசலில் இன்னொரு டீச்சர் "யாரு இது?" என்று கேட்டதற்கு, "தைக்கிறவங்க, சாமான் கொண்டாந்தாங்க" என்றாள் நாத்தனார். அண்ணி என்ற வார்த்தை அவள் வாயில் வரவில்லை. அண்ணிக்காரிக்கு வலிக்கத்தான் செய்தது. ஆனால் தப்பைத் தன்மேல் வைத்துக்கொண்டு என்ன பேசுவது? கடைசி பெஞ்சில் போய் ஒடுங்கிக்கொண்டாள்.

நாத்தனார் பந்தைத் தூக்கிக் காட்டினாள். "இது என்ன?"

"வட்டம்!" பிள்ளைகள் கூரை பிய்த்துக்கொள்ளக் கத்தின.

"இது?"

"சதுரம்!" பெட்டிக்கும் அதே கூச்சல்.

ஆய்வாளரம்மாவின் பேனா விறுவிறுவென்று எதையோ எழுதியது. எழுதிய வேகத்திலேயே தெரிந்தது, நல்ல சேதி இல்லை.

அண்ணிக்காரிக்குப் பொறுக்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த சின்னக் கத்தரியோடு எழுந்து முன்னால் போனாள். "பிரிச்சுக் காட்டும்மா. எல்லாம் தட்டையா வெட்டித் தைச்சதுதானே?"

நாத்தனார் அந்த யோசனையைக் கப்பென்று பிடித்துக்கொண்டாள். பெட்டியின் தையலைப் பிரித்துத் தரையில் பரப்பினாள். ஆறு சதுரம்! "பெட்டிக்குள்ள பென்சிலைப் போடலாம். சதுரத்துக்குள்ள?"

"அதுக்கு உள்ளயே கிடையாது டீச்சர்! மேலதான் வைக்க முடியும்!"

கோபுரத்தைப் பிரித்தால் நாலு முக்கோணம், அடியில் ஒரு சதுரம். ஆய்வாளரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கடைசியில் பந்து. பிரித்தால், அடக் கடவுளே, இரண்டு முனையும் கூரான எட்டு இலைத் துண்டு!

"டீச்சர், வட்டத்தைக் காணோம்!" என்றது ஒரு பிள்ளை. பேனா மறுபடியும் எழுந்தது.

"இருக்கு, இருக்கு!" அண்ணிக்காரி மண்டிபோட்டுப் பஞ்சுக் குவியலுக்குள் இரண்டு கையையும் விட்டுத் துழாவினாள். "உச்சியில எட்டுத் தையலும் ஒண்ணுகூடுற இடம் அசிங்கமா இருக்குமேன்னு மூடித் தைச்சேன். இந்தாங்க!"

சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு துணி வட்டம். தம்மாத்துண்டு. ஆனால் வட்டமென்றால் அப்படியொரு வட்டம்.

ஆய்வாளரம்மா அதை வாங்கி, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தார். "நாளையிலேர்ந்து நீங்க நிரந்தர டீச்சர். அது சரி, இவங்க யாரு?"

நாத்தனார் தலையெல்லாம் பஞ்சோடு நிமிர்ந்தாள்.

"எங்க அண்ணி, மேடம். என் சொந்த அண்ணி."

அண்ணிக்காரி சட்டென்று குனிந்து தரையில் பொறுக்க ஆரம்பித்தாள். கண்ணில் பஞ்சு விழுந்துவிட்டதாம்.