நடுப்பெட்டி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு நடுப்பெட்டியின் மேல் அப்படியொரு நம்பிக்கை. மேசையில் துப்பாக்கிக் குண்டு வைத்த மூன்று தகரப் பெட்டிகள்: எடை குறைந்த ஸ்லக், நடுத்தரம், கனமானது. காற்றழுத்தத்தில் சுடும் ஏர் ரைஃபிளுக்குப் போடும் சாதாரண பெல்லட் சாது. இடுப்பு ஒடுங்கிய அந்தக் குட்டி ஈயம் எந்தக் குழலோடும் அனுசரித்துப் போய்விடும். ஸ்லக் அப்படியில்லை. நேரான உடம்பு, பிடிவாதக் குணம். குழலுக்கு ஒத்துவராவிட்டால் தலைகுப்புற உருண்டு போய் இலக்கு அட்டையில் பக்கவாட்டில் விழுந்து மானத்தை வாங்கும்.

ஆனால் பொருத்தம் பார்ப்பதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவர் எண்ணம். கடையில் நாள் முழுக்க அதுதானே வேலை. கண்ணாடி மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, அது தெளிவா?" என்று கேட்பார். வந்தவர் பதில் சொன்னதும், வரிசையைத் திருப்பிப் போட்டு மறுபடியும் கேட்பார். மனுஷன் வாய் பொய் சொல்லும், திருப்பிக் கேட்டால் மாட்டிக்கொள்ளும் என்பார்.

துப்பாக்கி சுடும் கிளப் அணியில் நான்கு இடம். முதல் இடம் அவர் மனைவிக்கு. பல் டாக்டர், கை அசையாது. அடுத்த இரண்டும் நிரம்பிவிட்டன. மிச்சமிருந்த ஒன்றுக்கு இவரும் மச்சினனும் போட்டி, ஞாயிறு காலை தேர்வு. இத்தனை வருடமாக ஒவ்வொரு போட்டிக்கும் மனைவியின் பையைச் சுமந்து போய், பார்வையாளர்களைத் தடுக்கும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கைதட்டியவர் அவர். ஒரு தடவையாவது கயிற்றுக்கு அந்தப் பக்கம் அவள் அருகில் படுத்துச் சுட வேண்டும். அந்த ஆசையை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

"என் துப்பாக்கிக்கு ஒத்துவர்ற ஸ்லக்க நானே கண்டுபிடிப்பேன். நீ வாயத் திறக்கக் கூடாது" என்று மனைவிக்குத் தடை போட்டிருந்தார். அவளும் வாயைப் பொத்திக்கொண்டு கண்ணால் சிரித்தாள்.

வாராவாரம் சோதனை. துப்பாக்கியில் காற்றை முழுசாக நிரப்பி, இடையில் மறுபடி நிரப்பாமல் முதலில் லேசானது, பிறகு நடுத்தரம், கடைசியில் கனம். நடுத்தரம் மட்டும் அட்டையில் ஒட்டி ஒட்டி விழுந்தது. கடைப் பழக்கத்தில் மறுபடி காற்று நிரப்பி, கனத்தில் தொடங்கி லேசில் முடித்தார். அப்போதும் நடுப்பெட்டிதான். மனுஷர் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லி மகிழ்ந்தார்.

சனிக்கிழமை நடுப்பெட்டியை மட்டும் வைத்து முழுச் சுற்றும் சுட்டுப் பார்த்தார். ஆரம்பக் குண்டுகள் கீழே, நடுவில் அருமை, கடைசியில் மறுபடி கீழே. காற்றைத் திட்டினார், அட்டையைத் திட்டினார். திட்ட வேறு ஆள் கிடைக்காமல் கடைசியில் வீட்டுக்கு வந்து மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சரி, சொல்லு."

"தடை இருக்கே."

"எடுத்தாச்சு."

"முழுசா நிரப்பினா உங்க துப்பாக்கி முதல்ல கொஞ்சம் திணறும். நடுவுல ஒரே சீரா போகும். காத்து குறைஞ்சா சோர்ந்துடும். அந்த நல்ல நேரத்துல எந்தக் குண்டப் போட்டாலும் அது நல்லாத்தான் போகும்."

"நான் திருப்பிப் போட்டும் பாத்தேனே."

"முன்னாடி இருந்து வந்தாலும் பின்னாடி இருந்து வந்தாலும், நடுவுல இருக்கிறது நடுவுலயேதாங்க இருக்கும்."

அவர் மேசையைப் பார்த்தார். மூன்று பெட்டிகள். வெட்கம் காது வரை ஏறியது.

"எப்ப தெரியும் உனக்கு?"

"முதல் வாரமே. கடையில வேற சொல்லிட்டு வந்தீங்க, கேக்க எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா."

அன்று மாலையே கிளப்புக்கு ஓடினார்கள். அழுத்தமானியின் முள் அந்த நல்ல இடத்துக்கு வந்த பிறகு மட்டும் ஒவ்வொரு பெட்டியாகச் சுட்டார். லேசானது சிதறியது. நடுத்தரம் பரவாயில்லை. இத்தனை நாள் ஏறெடுத்தும் பார்க்காத கனமான ஸ்லக், அத்தனையும் ஒரே ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தது. அந்தப் பெட்டியிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது அவருக்கு.

மறுநாள் முள் அந்த இடத்தைவிட்டு நகராதபடி, அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று நிரப்பிச் சுட்டார். மச்சினனைவிட இரண்டே புள்ளி கூடுதல். கிளப் செயலாளர் பலகையில் மனைவியின் பெயருக்குக் கீழே இவர் பெயரை எழுதினார். இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துச் சமாளித்தார்.

கிளம்பும்போது வழக்கம் போல மனைவியின் பைக்குக் கை நீட்டினார். மச்சினன் அதை முந்தி எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"உங்களதையும் குடுங்க மாமா. இனி நாற்காலி எனக்குத்தானே."

கொடுத்துவிட்டார். வாசல் வரை மனைவியோடு நடந்தவருக்குக் கையை எங்கே வைத்துக்கொள்வதென்றே தெரியவில்லை. அவள்தான் அதைப் பிடித்துக்கொண்டாள்.