மாவுமேட்டு மணல்

சுரங்கத்தை மூடிப் பதினெட்டு வருஷம் ஆகியும் குடியிருப்பில் அவரை எல்லாரும் 'லோடு மாமா' என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பது வருஷம் சுரங்க லாரி ஓட்டியவர். வயது எழுபதைத் தாண்டியும் வாய்க்கொழுப்பு மட்டும் கொஞ்சமும் கரையவில்லை என்பாள் மனைவி. ஆனால் மண் பரிசோதனை அதிகாரி அவர் வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துப்பாக்கி மாதிரி ஒரு கருவியைத் தரையில் அழுத்திய அன்றைக்கு மாமா வாயிலிருந்து ஒரு கிண்டல்கூட வரவில்லை.

"ஈயம். இந்தத் தெருவுலயே உங்க வீட்லதான் அதிகம்," என்றார் அந்த அதிகாரி அம்மா. "அதான் எனக்குப் புரியல. காத்துல பறந்து வந்திருந்தா எல்லா வீட்லயும் இருக்கணும். பக்கத்து வீட்ல ஒண்ணுமே இல்ல. நாலு வீடு தள்ளிப் போனா மறுபடியும் ஏறுது."

சமையலறை ஜன்னல் வழியாக மனைவி அவரையே பார்த்தாள்.

"காத்து கொண்டு வரல, மேடம்," என்றார் மாமா. "நான்தான் கொண்டு வந்தேன்."

தாதுவை அரைத்து உலோகத்தைப் பிரித்தபின் மிஞ்சும் தூள், சுரங்கத்துக்குப் பின்னால் மலையாகக் கிடந்தது. வெள்ளை வெளேரென்று, சலித்து வைத்த மாதிரி இருக்கும். அதனால் அது மாவுமேடு. மழை எட்டிப்பார்க்காத பூமி. மற்ற இடமெல்லாம் சரளைக்கல்லும் முள்ளும். கல்யாணமாகி வந்த புதிதில் மனைவி, "வாசல்ல நாலடி வச்சா கால் பஞ்சராகுது," என்றாள். லாரிக்காரன் பெண்டாட்டி பேசுகிற பேச்சு என்று சிரித்துவிட்டு, மறுநாளே மாவுமேட்டிலிருந்து ஒரு லோடு கொண்டுவந்து கொட்டினார். அன்று சாயங்காலம் முழுக்க அவள் வெறுங்காலோடு அதில் நடந்துகொண்டே இருந்தாள். பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளாளுக்குக் கேட்டார்கள். கழிவு குறைந்தால் சரி என்று மேலாளரும் கண்டுகொள்ளவில்லை. மாமா யாருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை.

இரண்டு நாள் அதிகாரியின் ஜீப்பில் முன்சீட்டில் உட்கார்ந்து, கொட்டிய இடங்களைத் தெருத்தெருவாகக் காட்டினார். எழுத்தில் எதுவும் கிடையாது. எல்லாம் அவர் தலைக்குள்தான் இருந்தது.

"இது வாலிபால் மைதானம். ஆறு லோடு. ஷிப்ட் முடிஞ்சு குளிக்காமகூட ஓடி வருவாங்க. விழுந்தா மெத்தை மாதிரி இருக்கும். இது எலக்ட்ரீஷியன் வீடு. மணல்ல மல்லாந்து படுத்துக்கிட்டுதான் ரேடியோ கேப்பார், சோம்பேறி."

சொல்லச் சொல்ல முகம் மலர்ந்துவிடும். அதிகாரி குனிந்து எழுதுவதைப் பார்த்ததும் சட்டென்று வாடிப்போகும்.

ஃபிட்டர் வீட்டில் ஃபிட்டரின் மனைவி மட்டும் இருந்தாள். ஃபிட்டர் போய்ச் சேர்ந்து ஐந்து வருஷம் ஆகிறது. விஷயத்தைக் கேட்டதும் வாசல் மணலைக் காலால் தள்ளிப் பார்த்தாள்.

"எம் பொண்ணு, பாப்பா, சின்னதுல இந்த மண்ணுலயே கிடப்பா. வாயிலகூடப் போட்டுக்குவா," என்றாள். "அவளுக்குப் படிப்பே ஏறல. இதனாலயா, மேடம்?"

"ஆமான்னும் சொல்ல முடியாதும்மா. இல்லேன்னும் சொல்ல முடியாது."

"மண்ணு கேட்டது நாங்கதாண்ணே," என்றாள் மாமாவிடம். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வீட்டில் ஒரு வாய் டீ குடிக்காமல் அவர் திரும்பியது அதுதான் முதல் தடவை. ஜீப்பில் ஏறியவர் அதற்கப்புறம் எந்த வீட்டுக்கும் கதை சொல்லவில்லை. விரலை மட்டும் நீட்டினார்.

இரண்டு மாதம் கழித்து மண் அள்ளும் மெஷின் வந்தது. அவர் காட்டிய வீடுகளில் எல்லாம் ஓரடி ஆழத்துக்குச் சுரண்டி அள்ளிவிட்டு, வெளியிலிருந்து கொண்டுவந்த செம்மண்ணைக் கொட்டினார்கள். ஃபிட்டர் வீட்டு முறை வந்த அன்று மாமா கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். உள்ளே போகக் கால் வரவில்லை.

தையல் கடையிலிருந்து சாப்பாட்டுக்கு வந்த ஃபிட்டரின் மகள், கழுத்தில் தொங்கும் டேப்போடு அவரிடம் வந்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும். வீட்டில் இன்னும் பாப்பாதான்.

"மாமா, பின்னாடி எடுக்கலையே?"

"பின்னாடி ஏதும்மா?"

"மறந்துட்டீங்களா? முதல் லோடு காத்துல பறந்துபோச்சுன்னு நான் அழுதேன். என்னை லாரியில உக்கார வச்சு மேட்டுக்குக் கூட்டிட்டுப் போனீங்க. ஹாரன்கூட அடிக்க விட்டீங்க. குளியலறைக்குப் பின்னாடி கொட்டினா காத்து தொடாதுன்னு சொன்னீங்க. நான் முதமுதலா வண்டியில ஏறினதே அன்னைக்குத்தான், மாமா."

அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம். அவருக்கு எதுவுமே ஞாபகம் வரவில்லை. எத்தனையோ குழந்தைகளை ஏற்றியிருக்கிறார். கிளம்பத் தயாரான மெஷின்காரரைக் கைகாட்டி நிறுத்தினார்.

"தம்பி, போயிடாதீங்க. பின்னாடி இன்னொரு லோடு இருக்கு. மேடத்துக்கு போன் போடுங்க."

ஃபிட்டரின் மனைவி வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்கயே நின்னா எப்படிண்ணே?" என்றாள். "உள்ள வந்து இடத்தைக் காட்டுங்க."

மாமா கேட்டைத் திறந்துகொண்டு போனார். சரியான இடம் அவருக்கு எங்கே ஞாபகம்? பாப்பாதான் முன்னால் நடந்தாள், அந்த லாரி ஹாரன் எப்படிக் கத்தும் என்று மெஷின்காரருக்குச் செய்து காட்டியபடி.