பதினாறு ஊர்களும் ஒரு பெட்டியும்

ஜெசிதா படிப்பித்த பயிற்சி நிலையத்தில் பதினாறு மாணவர்களுக்கு இரண்டே இரண்டு ரவுட்டர்கள்தான் இருந்தன. வலையமைப்பில் தகவல்களுக்கு வழிகாட்டும் அந்தப் பெட்டிகளைச் சுற்றி எல்லோரும் நிற்பார்கள். முன்னால் நிற்கும் நாலைந்து பேரின் விரல்தான் விசைப்பலகையில் படும். நீர்வேலிப் பிரவீணன் எப்போதும் பின்னால்தான். எழுத்துப் பரீட்சையில் முதலாவதாக வருவான். ஆனால் கொழும்பில் இரண்டு நேர்முகத் தேர்வுகளில், செய்து காட்டச் சொன்னதும் எங்கே தொடங்குவதென்று தெரியாமல் திரும்பி வந்துவிட்டான்.

இரண்டாவது முறை அவன் வந்து தலைகுனிந்து நின்றபோது ஜெசிதாவுக்குத் தன்மேல்தான் கோபம் வந்தது. யாரோ கழித்துவிட்ட சேர்வர் கணினி ஒன்று களஞ்சிய அறையில் கிடந்தது. அதற்குள் மென்பொருளாலேயே பதினாறு ரவுட்டர்களை உருவாக்கப் போவதாக அவள் சொன்னாள். உடன் படிப்பிக்கும் ஜெயசுதன் சிரித்தான்.

"பதினாறோ? உது ஆறோடையே மூச்சு வாங்கும், ஜெசிதா."

ஒன்பதில் மூச்சு நின்றது. சிரித்தவனே பழைய கணினிகளைக் கழற்றி நினைவகத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து போட்டான். மூன்று கிழமை எடுத்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு ரவுட்டர், அதற்கு அவரவர் ஊரின் பெயர். எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்குக் கேபிள் ஓடும் என்ற வரைபடத்தையும் ஜெசிதாவே திரையில் வரைந்தாள்.

முதல் நாள் காலை எல்லோரும் தங்கள் ரவுட்டரில் தங்கள் ஊரை மட்டும் எழுதி, பக்கத்து ஊரோடு இணைத்தார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தெல்லிப்பழை நிவேதனா கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினாள்.

"மிஸ், நான் குருநகரை எழுதேல்லை. என்ரை பட்டியலிலை குருநகர் நிக்குது!"

"பக்கத்து ஊர் சொல்லியிருக்கும்."

"அதுக்கு ஆர் சொன்னது?"

"அதுக்குப் பக்கத்து ஊர்."

சாவகச்சேரி வந்தது. பருத்தித்துறை வந்தது. பதினாறு திரைகளிலும் ஊர்கள் ஒவ்வொன்றாக ஏறின. இதைப் புத்தகத்தில் எத்தனையோ தரம் படிப்பித்தவள்தான் ஜெசிதா. ஆனாலும் குடாநாடு முழுவதும் ஒன்றையொன்று கேட்டறிந்து கண்முன்னே கூடி வருவதைப் பார்த்தபோது அவளுக்குக் கை புல்லரித்தது.

"பிரவீணன், உம்மடை கேபிளை அறுத்துவிடும்," என்றாள்.

அவன் விறைத்துப் போனான். "பழுதாப் போனா, மிஸ்?"

"பழுதாக்கத்தான் இதைச் செய்தனான். அறுத்துவிடும்."

நீர்வேலியிலிருந்து தெல்லிப்பழைக்கு, சுன்னாகம் வழியாகச் சோதனைச் செய்திகள் போய்க்கொண்டிருந்தன. அவன் திரையில் சுன்னாகத்துக்கான கேபிளை அறுத்தான். செய்தி நின்றது. பத்து வினாடி. இருபது. சேர்வரின் இரைச்சல் மட்டும் கேட்டது. நாற்பதாவது வினாடியில் தெல்லிப்பழையிலிருந்து பதில் வந்தது. செய்தி அச்சுவேலியால் சுற்றிப் போயிருந்தது.

"தானாவே வழி தேடிப் போகுது," என்று பிரவீணன் மெல்லச் சொன்னான். அவன் முகத்தில் பயம் இல்லை. கோயிலில் திரை விலகும்போது நிற்பவர்களைப் போல வாய் திறந்தபடி நின்றான்.

அதற்குப் பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. ஒன்றை அறுப்பான், காத்திருப்பான், திரும்பப் பூட்டுவான், இன்னொன்றை அறுப்பான். தேநீர் இடைவேளைக்கு ஒருவரும் வெளியே போகவில்லை. தெல்லிப்பழைக்கும் பண்டத்தரிப்புக்கும் இடையிலிருந்ததை அறுத்தபோது நாற்பது வினாடி போயிற்று, இரண்டு நிமிடம் போயிற்று. பண்டத்தரிப்பு வரவே இல்லை.

"நான் என்னவோ பிழை விட்டிட்டன்" என்று சொல்லப் போனவன், வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினான்.

"மிஸ்... பண்டத்தரிப்புக்கு ஒரேயொரு வழிதான் வைச்சிருக்கிறியள்."

மூன்று கிழமை அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். "ஓம்," என்றாள். "பிழை என்னிலைதான். எங்காலை இன்னொண்டு இழுக்கலாம்?"

"சங்கானையாலை," என்றான், யோசிக்காமலே. இழுத்தும் காட்டினான். பண்டத்தரிப்பு வந்ததும் வகுப்பே கைதட்டியது.

அடுத்த மாதம் அவன் மூன்றாவது முறை கொழும்புக்குப் போனான். அங்கே ஓடிக்கொண்டிருந்த ஒரு வலையமைப்பைக் காட்டி, இதில் என்ன குறை என்று கேட்டார்களாம். மதியம் ஜெசிதாவின் தொலைபேசி அடித்தது.

"என்ன சொன்னீர்?" என்று கேட்டாள்.

"ஒண்டும் சொல்லேல்லை மிஸ். 'ஒருக்கா அறுத்துப் பாக்கலாமோ?' எண்டு கேட்டனான். வாற திங்கள் வேலைக்கு வரட்டாம்."