புளிக்கிற லக்சா

ஏஞ்சலா ஸ்காபரோவில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்தாள். அண்ணன் கீதனின் வீட்டு பேஸ்மென்டில் குடியிருந்தாள். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கனடாவுக்கு வருமுன் இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் போகோர் என்ற ஊரில், அகதியாகப் பல வருடங்கள் காத்துக் கிடந்தவள்.

அங்கேதான் கணவனை இழந்தாள். முதலில் தான் போய்ப் பிறகு அவளைக் கூப்பிடுவதாகச் சொல்லி அவன் ஆஸ்திரேலியாவுக்குப் படகேறினான். புறப்பட்ட கரை கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே படகு கவிழ்ந்தது. அந்தப் படகில் இடம் எடுத்துக் கொடுத்த ஏஜென்ட், தான் இந்தோனேசியாவிலேயே ஊறினவன் என்று பேசித் திரிந்த ஆள். கடையில் ஒரு போத்தல் தண்ணீர் கேட்கவும் அவனுக்கு அந்த மொழி வராது என்பதை ஏஞ்சலா கண்டுகொண்டபோது படகு போய்விட்டிருந்தது.

அதனால்தான் டெனிஸ்டன் என்றவரைக் கலியாணத்துக்குப் பார்க்கலாம் என்று அண்ணி றோஸ்மேரி சொன்னதும் அவளுக்கு முதலில் வந்தது சந்தேகம்.

"அவரும் இந்தோனேசியாவில இருந்தவராம். இப்ப மிசிசாகாவில வேர்ஹவுஸ் ஒண்டில போர்க்லிஃப்ட் ஓடுறார். முதல் மனுசி விட்டிட்டுப் போயிட்டா. பிள்ளையள் இல்லை. ஒருக்காக் கதைச்சுப் பார், ஏஞ்சலா. பிடிக்காட்டி விடுவம்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவன் கீதன் வீட்டுக்கு வந்தான். உயரம் குறைந்த, நெற்றி ஏறிய மனிதன். சப்பாத்தைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு வந்து, சோபாவின் நுனியில் உட்கார்ந்தான். றோஸ்மேரி தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனாள். கீதன் ஹொக்கி மட்ச்சைக் கதைத்து முடித்ததும் ஏஞ்சலாதான் நேரே கேட்டாள்.

"இந்தோனேசியாவில எங்க இருந்தனீங்கள்?"

"மேடானில. சுமாத்ரா."

"என்ன சாப்பிட்டனீங்கள் அங்க?"

அவன் சிரித்தான். "கிடைச்சதைத்தான். எனக்கு லக்சா எண்டா உயிர். நல்ல புளிப்பு, மீனை அவிச்சு உதிர்த்து, உறைப்பாய்..."

"லக்சா புளிக்காதே."

"புளிக்கும்."

"தேங்காய்ப்பால், மஞ்சள் போட்டு வச்சு, நூடில்சுக்கு மேல ஊத்துற குழம்பெல்லோ லக்சா. முட்டையும் பயத்தம் முளையும் போடுவினம். மீன் ஆர் போடுறது?"

"நான் கிழமைக்கு ஒருக்கா எண்டாலும் சாப்பிடுவன். கெரேத்தாவில பஜாக்குக்குப் போய், அங்க ஒரு மனுசி விக்கிறவ..."

ஏஞ்சலாவுக்கு அதுவே போதுமாயிருந்தது. அவளுக்குத் தெரிந்த இந்தோனேசிய மொழியில் கெரேத்தா என்றால் ரயில், பஜாக் என்றால் வரி. ரயிலேறி வரிக்குப் போய் லக்சா சாப்பிட்டானாம். அவன் போனதும் கோப்பைகளை எடுத்துக்கொண்டே அண்ணனிடம் சொன்னாள்:

"உவர் பொய் சொல்லுறார், அண்ணா. இந்தோனேசியாவை ரீவியிலகூடப் பாத்திருக்க மாட்டார். எனக்கு வேண்டாம்."

கீதன் மறைத்துப் பேசத் தெரியாதவன். பதில் கேட்டு டெனிஸ்டன் போன் எடுத்தபோது காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிட்டான்.

அடுத்த கிழமை வேலையிடத்தில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற வுலானிடம் இதைப் பகிடியாகச் சொன்னாள் ஏஞ்சலா. வுலான் இந்தோனேசியாக்காரி. தனியாக இருக்கும் நேரத்தில் இருவரும் அந்த மொழியில்தான் கதைப்பார்கள். தானும் சேர்ந்து சிரிப்பாள் என்று எதிர்பார்த்தால், வுலான் கத்தியைக் கீழே வைத்தாள்.

"மேடானில் மோட்டார் சைக்கிளைத்தான் கெரேத்தா என்பார்கள். சந்தையைத்தான் பஜாக் என்பார்கள். மற்ற ஊர்க்காரர் நாங்கள் எல்லாரும் அதைச் சொல்லிச் சிரிப்போம்."

"லக்சா?"

"மேடான் லக்சா புளிக்கும். மீன்தான். நீ சாப்பிட்டது போகோர் லக்சா. ஜகார்த்தாக்காரர் காய்ந்த இறால் அரைத்துப் போடுவார்கள். தங்கராங் பக்கம் போனால் பாசிப்பயறும் கோழியும். எங்கள் பாலம்பாங்கில் அரிசிமாவைப் பிழிந்து அவித்து, மேலே மஞ்சள் தேங்காய்ப்பால் ஊற்றுவோம்."

"அது இடியப்பமும் சொதியும்."

"பெயரை நீ என்னவென்றும் வை. எங்களுக்கு அது லக்சோ."

ஏஞ்சலா மீதிக் கிழங்கைச் சீவி முடித்தாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது முகம் சுட்டது. போகோரை விட்டு அவள் வேறெங்கும் போனதில்லை. அவ்வளவு பெரிய நாட்டில் தான் பார்த்த ஒரு ஊரை வைத்துக்கொண்டு ஒரு மனிதனைப் பொய்யன் என்றிருக்கிறாள்.

றோஸ்மேரியிடம் நம்பர் வாங்கி அழைத்தாள்.

"நான் ஏஞ்சலா. நான் சொன்னது பிழை. மேடானில லக்சா புளிக்குமாம்."

மறுபக்கத்தில் போர்க்லிஃப்ட் பின்னால் வரும் சத்தம் பீப் பீப் என்று கேட்டது.

"விட்டிடுங்கோ," என்றான் டெனிஸ்டன். பிறகு, "மேடானில என்ர முதல் அகதி இன்டர்வியூவில ஒரு ஆள் என்னை நம்பேல்லை. நான் சொன்ன எங்கட ஊர்த் தெருப்பேர் அவர் வச்சிருந்த வரைபடத்தில இல்லை. அதால என்ர கேஸ் வருஷக்கணக்கா இழுபட்டது. இஞ்ச வந்தும் அப்பிடி ஒருத்தர் சொல்லுவார் எண்டு நான் நினைக்கேல்லை. அதுவும் அங்க இருந்து வந்த ஆள்."

"சனிக்கிழமை வேலையோ?" என்றாள்.

"மத்தியானம் வரைக்கும்."

"நான் வாறன். லக்சா கொண்டு வாறன். என்ர லக்சா."

வெள்ளிக்கிழமை பின்னேரம் முழுக்கச் சமைத்தாள். போகோரில் போடுகிற, சிவப்பாய்ப் பூஞ்சணம் பிடித்த புளித்த கடலைப் பிண்ணாக்கு ரொறன்ரோவில் அகப்படவில்லை. வுலான் சொன்னபடி சோயாவில் செய்கிற தெம்பேயை வாங்கி உதிர்த்துப் போட்டாள். துளசி மணமுள்ள இலையைச் சீனக் கடையில் எடுத்தாள். அடுத்த நாள் குழம்பைப் பெரிய பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, சப்வேயில் கிப்ளிங் ஸ்டேஷன்வரை போய், அங்கிருந்து பஸ் பிடித்தாள். மார்ச் மாதம். உருகின பனி வேர்ஹவுஸ் வாசலில் அழுக்காய்த் தேங்கிக் கிடந்தது.

இருக்க வேறு இடமில்லை. அவனுடைய கொரோலாக் காருக்குள் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அவள் கிண்ணத்தில் நூடில்சையும் பயத்தம் முளையையும் போட்டு, குழம்பை ஊற்றி, வடித்துப் பிளாஸ்குக்குள் விட்டு, மறுபடி ஊற்றினாள். போகோர் தெருக்கடைகளில் அப்படித்தான் சூடேற்றுவார்கள். அவன் கவனமாகப் பார்த்திருந்தான். இரண்டு கிண்ணம் சாப்பிட்டான். கண்ணாடியெல்லாம் ஆவி படிந்தது.

"நல்லாயிருக்கு," என்றான். "ஆனா இது லக்சா இல்லை."

அவள் விறைத்துப்போய்த் திரும்பினாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். சேர்ட்டில் மஞ்சள் கறை. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

படகு கவிழ்ந்த கதையை அவன் றோஸ்மேரியிடம் கேட்டிருந்தான். கிண்ணத்தை வைத்துவிட்டுக் கேட்டான், "உங்கட அவரை எங்க அடக்கம் செய்தவை?"

கனடாவுக்கு வந்தபின் யாரும் இதை அவளிடம் கேட்டதில்லை. அண்ணன் அந்தப் பேச்சையே எடுக்கமாட்டான். அழுதுவிடுவாள் என்ற பயம் அவனுக்கு.

"கடற்கரைக்குக் கிட்ட ஒரு சின்னச் சேமக்காலை. உடம்பு மூண்டாம் நாள்தான் கரையில ஒதுங்கினது. அந்த ஊர்ச் சனம்தான் புதைக்கக் கிடங்கு வெட்டினவை. பாஷை தெரிஞ்சபடியால் நான்தான் எல்லாரோடயும் கதைச்சன். அழ நேரம் கிடைக்கேல்லை."

"ஆர் கூட நிண்டது?"

"நான் இருந்த அறையின்ர வீட்டுக்காரி. முஸ்லிம் மனுசி. என்னோட கடைசி வரைக்கும் நிண்டவ."

அவன் அந்த மனுசியின் பெயரைக் கேட்டான். சொன்னாள். அதன்பிறகு அவள் கதைத்துக்கொண்டே இருந்தாள். ஹீற்றர் ஓடிக்கொண்டே இருந்தது. அடுத்த ஷிப்ட்டுக்கு வந்தவர்களின் கார்கள் சுற்றிலும் நிறைந்துவிட்டன.

மே மாதத்தில் ஒரு நாள் டெனிஸ்டன் கீதன் வீட்டுக் குசினியில் மேடான் லக்சா காய்ச்சினான். இறால் விழுதை வறுக்கிற மணத்துக்கு றோஸ்மேரி வீட்டு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்துவிட்டாள். அறுக்குளா மீனை அவித்து முள்ளெடுத்து, புளியும் மிளகாயும் விட்டு, மேலே அன்னாசியும் புதினாவும் தூவிக் கொடுத்தான்.

"மீன்குழம்புக்குள்ள நூடில்சைப் போட்ட மாதிரி இருக்கு," என்றான் கீதன். என்றாலும் கிண்ணத்தை வழித்துக் குடித்தான்.

ஏஞ்சலா மெதுவாகச் சாப்பிட்டாள். உறைப்பில் மூக்கு வடிந்தது. அவள் போகோரில் ருசித்த எதுவும் அதில் இல்லை.

"புளிக்குது," என்றாள்.

"அதைத்தானே முதல் நாளே சொன்னனான்."

"ஓம். இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

ஆவணியில் அவர்களுக்குக் கலியாணம் நடந்தது. தேவாலயத்தில் சின்னதாக, பிறகு ஒரு ஹோலில் சாப்பாடு. வுலான் பாலம்பாங் பட்டு கட்டிக்கொண்டு வந்து முன்வரிசையில் இருந்தாள். இப்போது அவர்கள் ரெக்ஸ்டேலில், பன்னிரண்டாம் மாடியில் இருக்கிறார்கள். ஏஞ்சலா அங்கே கிட்டவே வேறொரு இல்லத்தின் சமையலறைக்கு மாறிவிட்டாள். அவனுக்கு வேலைக்குக் காரில் கொஞ்ச நேர ஓட்டம்தான்.