இரண்டு தீவுகளுக்கு நடுவே ஒரு நாள்

கிறிஸ்டலுக்குத் தெரிந்த கடலின் அகலம் மூன்று கிலோமீட்டர். பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் துறையில் ஃபெரி ஏறி, கைப்பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையைச் சரிசெய்து, பக்கத்தில் இருப்பவளிடம் மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசினால் பட்டர்வொர்த் வந்துவிடும். அங்கிருந்து கம்பெனி பஸ்ஸில் பிறை தொழிற்பேட்டைக்குப் போவாள். ஒரு ஃபெரியைத் தவறவிட்டால் இங்கே யாரும் பதறுவதில்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வடையைத் தின்று முடித்தால் அடுத்தது வந்து நிற்கும்.

அவளுடைய கணக்குப் பிசகியதற்குக் காரணம் இந்தப் பழக்கம்தான்.

கான்வென்ட் பள்ளியில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த ஷர்மினி, நர்ஸ் வேலைக்கு லண்டன் போய், அங்கிருந்து யாரும் எதிர்பாராமல் டொபேகோ போய்ச் சேர்ந்து, நாற்பத்து நான்கு வயதில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள். மாப்பிள்ளை அந்த ஊர்க்காரர். டிரினிடாட், டொபேகோ என்று கரீபியன் கடலில் இரண்டு தீவு சேர்ந்த ஒரு நாடு அது. பெரியது டிரினிடாட், சின்னது டொபேகோ. விமானம் இறங்குவது பெரியதில், கல்யாணம் சின்னதில். "அவ்வளவுதானே, நம்ம ஊர் மாதிரிதான்" என்று கிறிஸ்டல் சொல்லிக்கொண்டாள்.

போக வேண்டியது வெறும் விருந்தாளியாக இல்லை. தாலி அவளிடம்தான் இருந்தது. லிட்டில் இந்தியா நகைக்கடையில் நின்றபடி, வீடியோவில் ஒவ்வொன்றாகக் காட்டி, ஷர்மினி "அது இல்லடி, அதுக்குப் பக்கத்துல" என்று சொல்லச் சொல்ல வாங்கியது. தங்கத்தைக் கூரியரில் அனுப்ப ஷர்மினிக்கு மனம் வரவில்லை. அவள் பக்கத்தில் வரக்கூடிய சொந்தம் என்று யாரும் இல்லை. முகூர்த்தத்தைப் பினாங்குக் கோயில் குருக்களே டொபேகோ நேரத்துக்குக் கணித்துக் கொடுத்திருந்தார். செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது.

கிறிஸ்டல் மூன்று மாதமாக அந்தப் பயணத்தில்தான் வாழ்ந்தாள். கோலாலம்பூர், லண்டன், போர்ட் ஆஃப் ஸ்பெயின். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு, வீங்கிய கையை ஆபீஸ் முழுக்கக் காட்டினாள். அங்கேயும் கார்கள் இடப்பக்கம்தான் ஓடும் என்று தெரிந்தபோது, அந்த நாடே தன்னை எண்ணி ஏற்பாடு செய்ததுபோல் மகிழ்ந்தாள். பொரித்த ரொட்டி இரண்டுக்கு நடுவே கொண்டைக்கடலைக் குழம்பு வைத்துத் தருவார்களாம், பெயர் டபுள்ஸ். அதை நினைத்தபடியே மதியச் சோற்றைச் சாப்பிட்டாள்.

பயணத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது, வேலை முடிந்து ஃபெரியில் திரும்பிக்கொண்டிருந்தவளை ஷர்மினி வீடியோவில் அழைத்தாள். இங்கே சாயந்தரம் என்றால் அங்கே விடிகாலை. வாயில் பல்துலக்கியோடு நின்றாள் மணப்பெண்.

"ப்ளான் எல்லாம் ரெடி" என்றாள் கிறிஸ்டல். "திங்கக்கிழமை சாயந்தரம் போர்ட் ஆஃப் ஸ்பெயின்ல இறங்குறேன். நேரா ஜெட்டிக்குப் போயி ஃபெரி புடிச்சு வந்துருவேன். நீ சாப்பாடு மட்டும் எடுத்து வை."

பல்துலக்கி நின்றது. "என்ன ஃபெரி?"

"ஃபெரிதாண்டி. உங்க ஊர்ல இருக்குல்ல?"

"இருக்கு. ஒண்ணு போனா அடுத்தது எப்ப வரும்னு நெனச்சே?"

"அரை மணி நேரத்துல வராதா?"

ஷர்மினி வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து சிரித்தாள். "அடியே பினாங்குக்காரி! இது பட்டர்வொர்த் ஃபெரி இல்லடி. கப்பல்! ஒரு நாளைக்கு ஏதோ சில தடவதான் போவும். ஏறி உக்காந்தா நாலு மணி நேரம் கிட்ட ஆவும். நீ பெட்டிய எடுத்துக்கிட்டு வெளிய வர்றப்ப கடைசிக் கப்பல் போயிருக்கும்."

"அப்ப காலையில மொதல் கப்பல்?"

"அது இங்க வந்து சேர்றதுக்குள்ள முகூர்த்தம் முடிஞ்சு நாங்க சாப்பிட்டுக்கிட்டு இருப்போம்."

"ப்ளேன் இருக்கும்லா?"

"சின்ன ப்ளேன் இருக்கு. ஸ்கூல் லீவுடி, டிரினிடாட்டே இங்கதான் வருது. இவரோட அக்காவுக்கே நேத்து தேடினோம், சீட் இல்ல." சிரிப்பு மெல்ல வடிந்தது. "கிறிஸ்டல், தாலி ஒங்கிட்டதானே இருக்கு?"

"எங்கிட்டதான்."

"ஒரு நாள் முன்னாடி கிளம்பி வந்துரு. அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். ஃபெரி ஜார்ஜ்டவுன் துறையில் முட்டி நின்றது. எல்லோரும் இறங்கிவிட்டார்கள். கயிறு போட்டுக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்து, "அக்கா, மறுபடியும் அந்தப் பக்கமே போறீங்களா?" என்று கேட்டபிறகுதான் அவள் எழுந்தாள்.

ஒரு நாள் முன்னால் என்றால் சனிக்கிழமை. சனியும் ஞாயிறும் புக்கிட் மெர்தாஜாமில் புனித அன்னம்மாள் திருவிழா. கணவன் பெர்னார்ட்டின் குடும்பம் மொத்தமும் கோயிலுக்குப் பக்கத்தில் கூடாரம் போட்டுத் தங்கும். பெரியவர்கள், பிள்ளைகள், அழைக்காமல் வருகிறவர்கள் என்று நாற்பது வாய். அத்தனைக்கும் அண்டா அண்டாவாக மீகூன் என்ற அரிசிச் சேமியா சமைப்பது கிறிஸ்டல். யாரும் அவளைச் சமைக்கச் சொல்லவில்லை. கல்யாணமான முதல் வருடம், சும்மா நிற்கக் கூச்சப்பட்டுக் கரண்டியை எடுத்தாள். பதினெட்டு வருடமாகக் கீழே வைக்கவில்லை.

சூலியா தெரு வழியாக வீட்டுக்கு நடந்தாள். ஞாயிறு ராத்திரி விமானம் என்று முடிவு செய்தது யார்? பெர்னார்ட் இல்லை. பெர்னார்ட்டின் அக்கா அமலம்மாளும் இல்லை. டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல்ஸ் கடை ஆயிஷா, "ரெண்டு நாள் முன்னாடி போட்டா நல்லா ரெஸ்ட் எடுக்கலாமே" என்றுகூடச் சொன்னாள். வேண்டாம் என்றது தானேதான். திருவிழா முடிந்து, அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, குளித்து, அப்படியே ஏர்போர்ட். உலகத்தின் மறுபாதிக்குப் போகிற பயணத்தையும் அண்டா கழுவியபின் கிடைக்கும் இடுக்கில்தான் செருகியிருந்தாள்.

ஆபீஸில் அவள் வேலை, தொழிலாளர்களின் லீவைப் பார்ப்பது. இரண்டு வாரம் கேட்பவர்கள் ஒரே வார்த்தையில் கேட்டுவிட்டுப் போவார்கள். அரை நாள் கேட்பவர்கள்தான் அம்மாவின் கண், பிள்ளையின் பல், மோட்டார்சைக்கிளின் டயர் என்று நீட்டி முழக்குவார்கள். ஏன் இப்படிக் குறுகுகிறார்கள் என்று அவள் பலமுறை வியந்ததுண்டு. இப்போது அவள் மனதுக்குள்ளும் அப்படி ஒரு நீண்ட விளக்கம் தயாராகிக்கொண்டிருந்தது. கப்பல், பள்ளி விடுமுறை, குருக்கள், முகூர்த்தம்.

பணம் மாற்றும் கடை முன்னால் நின்றாள். மாட்டேன் என்று சொல்லிவிடுவார்கள் என்ற பயம் இல்லை அவளுக்கு. அவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்ல. பயம் வேறு இடத்தில் இருந்தது. நீ இல்லாவிட்டால் பரவாயில்லை என்று சொல்லிவிட்டால்?

வீட்டில் அமலம்மாள் வந்திருந்தாள். கூடாரத்துணியின் எந்த மூலை கிழிந்தது என்று தம்பியோடு வாதாடிக்கொண்டிருந்தாள்.

"அக்கா" என்றாள் கிறிஸ்டல், கைப்பையைக்கூட இறக்காமல். விளக்கம் நாக்கின் நுனிக்கு வந்தது. விழுங்கினாள். "இந்த வருசம் நான் திருவிழாவுக்கு வரல."

"ஏன், வயித்து வலியா?"

"இல்ல. டொபேகோ போறேன்."

"அதான் ஞாயித்துக்கிழம போறியே."

"அப்ப போனா ஃபெரி இல்லயாம்."

பெர்னார்ட் நிமிர்ந்தார். அவள் ஃபெரி கதையைச் சொல்லச் சொல்ல, அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "தெனமும் கடலைத் தாண்டிப் போற ஆளு! டைம்டேபிள் பாக்கணும்னு தோணலயா?"

"எல்லாத்தையும் ஒங்ககிட்டதானே காட்டுனேன்? 'பெர்ஃபெக்ட் லா'ன்னு சொன்னது யாரு?"

"நானும் பினாங்குக்காரன்தானே!"

அமலம்மாள் சிரிக்கவில்லை. துணியை மடியில் போட்டுக்கொண்டு, "அப்ப சமையல்?" என்றாள்.

வெள்ளிக்கிழமையே சமைத்து ஐஸ்பெட்டியில் வைத்துவிடுகிறேன், மிளகாய்ச் சம்பலை மட்டும் சூடு பண்ணுங்கள். எல்லாம் வரிசையாக வந்து வாயில் நின்றன. கிறிஸ்டல் ஒன்றையும் வெளியே விடவில்லை.

"தெரியல அக்கா" என்றாள். அந்த வீட்டில் சமையலைப் பற்றி அவள் அப்படிச் சொல்வது அதுவே முதல் முறை.

அமலம்மாள் தம்பியைப் பார்த்தாள். தம்பி காற்றாடியைப் பார்த்தார்.

"கடையில நாசி கண்டார் சோறு தாப்பாவ் பண்ணிருவோம்" என்றாள் அமலம்மாள்.

யோசிக்கவே இல்லை. பல நாளாக மடித்து வைத்திருந்ததை எடுத்து நீட்டியதுபோல் வந்தது.

"மார்க் மூணு வருசமா கேட்டுக்கிட்டே இருக்கான். பொட்டலம் வாங்கிட்டா கழுவுற வேலையும் இல்லன்னு. ஒன் மனசு நோகுமேன்னு நாந்தான் மவன் வாயை அடக்கி வச்சிருந்தேன்."

"என் மீகூன் நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் அமலம்மாள் பெருந்தன்மையாக. "வருசா வருசம் நல்லாத்தான் இருக்கு."

கிறிஸ்டல் நாற்காலியில் உட்கார்ந்தாள். பயந்தது அப்படியே நடந்துவிட்டது. நெஞ்சில் சுருக்கென்று ஒன்று குத்தத்தான் செய்தது. அவள் அவர்களுக்காகச் சமைத்தாள், அவர்கள் அவளுக்காகச் சாப்பிட்டிருந்தார்கள். பதினெட்டு வருடம்! ஒருவர் மனம் நோகக்கூடாது என்று எத்தனை அண்டா மீகூன்! அதை நினைத்ததும் வயிற்றிலிருந்து சிரிப்பு கிளம்பியது. முதலில் பெர்னார்ட் பயந்தார், அழுகிறாளோ என்று. பிறகு அவரும் சேர்ந்துகொண்டார். கடைசியில் அமலம்மாளும் கூடாரத்துணியால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினாள்.

அமலம்மாளுக்கு நிஜமான கவலை வேறு இருந்தது. "அந்த ஊர்ல ஒண்டியா எப்புடிப் போவே? பஸ்ஸு கிஸ்ஸு இருக்கா?"

"இருக்கு அக்கா. வேன் மாதிரி மேக்ஸின்னு ஓடுது. சாதாரண கார்லயும் ஆள் ஏத்துவாங்களாம். அதே வழில போறவங்க எல்லாம் ஒரே கார்ல ஏறிக்கலாம்."

"முன்னப்பின்ன தெரியாதவங்களோடயா?"

"ஏறினதும் எல்லாருக்கும் குட் மார்னிங் சொல்லிரணுமாம். சொல்லலன்னாதான் தப்பா நெனப்பாங்களாம்."

"அது நல்ல பழக்கந்தான்" என்று அமலம்மாள் ஒப்புக்கொண்டாள். "ஜெபமாலைய எடுத்துக்க. கப்பல்ல ஒனக்குக் கொமட்டாம இருக்க அன்னம்மாளுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தி வைக்கிறேன்."

மறுநாள் வேலைக்குப் போகுமுன் ஆயிஷாவின் டிராவல்ஸ் கடைக்குப் போனாள். ஆயிஷா கம்ப்யூட்டரில் தேடிவிட்டு, "சனிக்கிழமையே சீட் இருக்கு. ஒனக்கு அது போதும். ஞாயிறு சாயந்தரம் எறங்கி, ஒரு ராத்திரி தங்கி, காலையில கப்பல் ஏறுனா திங்கள் மத்தியானமே போயிரலாம்" என்றாள்.

"வியாழன் இருக்கா ஆயிஷாக்கா?"

"இருக்கு. எதுக்கு ரெண்டு நாள் கூட? கல்யாணத்துல வேற ஏதும் சடங்கு இருக்கா?"

சடங்கு ஒன்றை அந்த இடத்திலேயே உண்டாக்கிச் சொல்லியிருக்கலாம். நலங்கு என்றால் ஆயிஷா நம்பியிருப்பாள்.

"இல்லக்கா. சும்மாதான்" என்றாள் கிறிஸ்டல்.

ஆயிஷா அவளை ஒரு கணம் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, சிரித்துக்கொண்டே விசையைத் தட்டினாள்.

மெழுகுவத்தி ஏற்றுமுன்பே கிறிஸ்டல் கப்பலேறிவிட்டதால் அன்னம்மாளைக் குறைசொல்ல முடியாது. டிரினிடாட்டின் மலைகள் பின்வாங்கி இருபக்கமும் வெறும் நீலமானபோது, கப்பல் ஏறி இறங்க ஆரம்பித்தது, கூடவே அவள் வயிறும். பக்கத்து இருக்கைக்காரி பெயர்கூடக் கேட்காமல் இஞ்சி மிட்டாய் உரித்துக் கொடுத்து முதுகைத் தடவினாள். ஒரு பக்கம் குமட்டல். மறுபக்கம், இவ்வளவு கடலைத் தனக்கென்று கேட்டு வாங்கியிருக்கிறோம் என்ற திகைப்பு. இரண்டும் ஒரே உடம்பில் எப்படி இருக்கின்றன என்று அவளுக்குப் புரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, கடலைப் பார்த்த ஒரு தோட்டத்தில், மாப்பிள்ளை முதல் முடிச்சைக் கப்பலுக்குக் கயிறு கட்டுகிறவர்போல் இறுக்கிப் போட்டார். இரண்டாவதும் போட்டார். மூன்றாவது அவருடைய அக்காவின் முறை. பெரிய பூத்தொப்பி போட்ட அந்த அம்மாள் நூலைப் பார்த்தாள், கிறிஸ்டலைப் பார்த்தாள், கையை விரித்துவிட்டாள். கிறிஸ்டல் கையிலிருந்த தாலித் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பெரிய விரல்களைத் தன் விரல்களுக்குள் பிடித்து, இப்படி, இப்படி என்று காட்டி, சேர்ந்தே போட்டாள். கைத்தட்டல் கிளம்பியது.

மணப்பெண் குனிந்த தலை நிமிராமல் முணுமுணுத்தாள். "என் முடியையும் சேத்துக் கட்டிட்டீங்கடி."

"ஆடாதே, எடுத்துவிடுறேன்" என்றாள் கிறிஸ்டல். "நேரம் இருக்கு."