அப்பா தோட்டத்துப் புழு

புழு செத்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான். சன்னமான தூரிகையால் அதன் முதுகைத் தொட வேண்டும். அசையாவிட்டால் செத்தது என்று எழுதலாம். நான்கு வருட வேளாண்மைப் படிப்பு கடைசியில் இந்தத் தூரிகை நுனியில் வந்து நிற்கிறதே என்று எனக்கே சிரிப்பு வந்தது. காலை பத்து மணி. ஆய்வக ஜன்னலுக்கு வெளியே யாரோ புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மருந்தில் முக்கிக் காயவைத்த இலையைப் புழுக்களுக்குக் கொடுத்து சரியாக மூன்று நாள். முதல் தட்டைத் திறந்து முதல் புழுவைத் தொட்டேன். அது பின்பக்கமாகத் துள்ளியது.

முட்டைக்கோஸ் புழு அப்படித்தான், உயிர் இருந்தால் பின்னாலேதான் துள்ளும். விரல் நகம் அளவுகூட வராத பச்சைப் புழு. இலையைச் சல்லடையாக்கிவிட்டு நரம்பை மட்டும் மிச்சம் வைக்கும். தட்டின் மூடியில் 'அப்பா' என்று நான்தான் எழுதியிருந்தேன். பக்கத்தில் இருந்த தட்டுகளில் 'பெரியப்பா' என்று எழுதியிருந்தது. இரண்டு தோட்டங்களிலிருந்தும் புழு பிடித்து வந்து, ஆய்வகத்தில் ஒரு தலைமுறை வளர்த்து, ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்ப்பதுதான் என் இறுதியாண்டு வேலை. மூடிகளைப் பார்த்த கண்ணாடிக்காரி, அவள்தான் என் மேஜைத் தோழி, "என்னடி, குடும்பச் சண்டையை லேபுக்குக் கொண்டு வந்துட்டியா?" என்று கேட்டாள். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

ஒன்பது தட்டுகளையும் எண்ணி முடித்தேன். ஒப்பிட்டுப் பார்க்க வெறும் தண்ணீரில் முக்கிய இலையைக் கொடுத்த புழுக்களில் ஒன்று செத்திருந்தது, அது எப்போதும் நடப்பதுதான். பெரியப்பா தோட்டத்து முப்பதில் இருபத்தேழு செத்திருந்தன. அப்பா தோட்டத்து முப்பதில் இரண்டு. மறுபடி எண்ணினேன். மறுபடியும் இரண்டு.

அந்த மருந்தைச் சொன்னதே நான்தான். கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகாத நேரம். வகுப்பில் கேட்ட ஒரு பெயரைத் தலைகால் புரியாத உற்சாகத்தில் போன் போட்டு ஒப்பித்தேன். "வாரம் ஒரு தடவை அடிங்கப்பா, புழு இருந்தாலும் இல்லேன்னாலும் அடிங்க" என்றேன். வாரம் ஒரு தடவை என்று எந்த வகுப்பிலும் சொல்லவில்லை. அது நானாகச் சேர்த்துக்கொண்டது. பெரியப்பாவிடமும் போய்ச் சொன்னேன். "பை தூக்கிட்டுப் போய் ரெண்டு மாசம் ஆகல, எனக்கே மருந்து சொல்ல வந்துட்டா" என்று அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அப்பா போட்டுக்கொண்டார். கடையில் வேறு எதையாவது நீட்டினால், "வேண்டாம், எங்க வீட்டு டாக்டர் இதைத்தான் எழுதிக் கொடுத்திருக்கு" என்பாராம். முதல் வருடம் புழுவே இல்லை. ஊரெல்லாம் என்னைப் பற்றிப் பீற்றிக்கொண்டார்.

மூன்றாம் வருடம் பாடத்தில் வந்தது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் சாகிற புழு செத்துப்போகும், சாகாத புழு மட்டும் மிஞ்சிப் பெருகும், ஆகையால் மருந்தை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். பரீட்சையில் அந்தக் கேள்விக்குப் படம் போட்டு பதில் எழுதினேன். பத்துக்குப் பத்து. அன்று மாலை அப்பா போனில், "பரீட்சை எப்படிம்மா?" என்று கேட்டார். "நல்லா எழுதினேன்பா" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன். மறந்துபோகவில்லை. நான் சொன்னது தப்பு என்று அவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. ஊருக்குப் போகும்போது பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன். மூன்று முறை ஊருக்குப் போய் வந்தேன்.

என் வேலையை மேற்பார்க்கும் மேடம் வந்து குறிப்பேட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "அடடா, இவ்வளவு வித்தியாசமா! அருமையான ரிசல்ட்மா. அந்தத் தோட்டக்காரர் நமக்குன்னே புழு வளர்த்து வெச்சிருக்கார் போல" என்று தோளில் தட்டினார். மூடியில் எழுதியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஆமாம் மேடம் என்றேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவர் போனதும் அப்பா போனில் கூப்பிட்டார். கோஸ் உருண்டை பிடிக்கிற நேரம். இந்த வாரம் புழு நிற்காவிட்டால் ஒன்றும் தேறாது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"என்னம்மா, மூணு நாள்ல சொல்றேன்னியே?"

"அப்பா, அந்த மருந்து வேண்டாம்பா. இனிமே அது கேக்காது."

"ரெட்டைப் பங்கா கலக்கி அடிச்சா?"

"அதுக்கும் கேக்காதுப்பா. வேற மருந்து எது கேக்கும்னு நான் இன்னும் பாக்கல. பாத்துச் சொல்ல ரெண்டு வாரம் ஆகும்."

"ரெண்டு வாரமா?" என்றார். அவர் செருப்பு ஈர மண்ணில் நடக்கிற சத்தம் கேட்டது. பாத்திக்குள்தான் நின்றுகொண்டிருக்கிறார்.

"அப்பா, தப்பு என்னோடது. வாரா வாரம் அதையே அடிக்கச் சொன்னேன் பாருங்க, அதுதான் தப்பு. போன வருஷமே எனக்குத் தெரியும். சொல்லாம விட்டுட்டேன்."

சொல்லிவிட்டேன். திட்டட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் தாங்கியிருப்பேன்.

"சேச்சே, நீ ஏம்மா அப்படிச் சொல்ற? நீ சொன்னது சரிதான். போன வருஷம் எனக்கு ஜுரம் வந்துச்சுல்ல, அப்ப ஒரு வாரம் அடிக்காம விட்டுட்டேன். உங்கிட்ட சொல்லல, நீ கோவிச்சுப்பேன்னு. அந்த ஒரு வாரத்துலதான் புழு தலையெடுத்திருக்கும்."

"இல்லப்பா, அது இல்ல..."

"நான் பண்ணதுதாம்மா. உங்க லேப்ல எழுதும்போது அதையும் எழுதிக்கோ, ஒரு வாரம் விட்டுப்போச்சுன்னு. அப்பதானே கணக்கு சரியா வரும்? உன் படிப்பு கெடக் கூடாது."

போன் காதிலேயே இருந்தது. அவர் ஒரு இலையை ஒடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று.

கை சும்மா இருக்க மாட்டாமல் தூரிகையை எடுத்து, மூடியின் உட்பக்கம் ஏறியிருந்த ஒரு புழுவைத் தொட்டேன். அது துள்ளி விழுந்தது. ஆனால் தட்டில் விழவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலில் பாதி வழியில் தொங்கி, என் மூச்சுக் காற்றில் இப்படியும் அப்படியும் ஆடியது. பிறகு மெதுவாக, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு, 'அப்பா' என்று எழுதியிருந்த மூடிக்கே திரும்ப ஏறத் தொடங்கியது.