அலறலுக்கு விட்ட இடம்

சனிக்கிழமை ஆனால் போதும், அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் வில்லா ஜீனின் அழகு நிலையத்தில் நிற்க இடமிருக்காது. மறுநாள் தேவாலயத்துக்குப் போகிற பெண்கள் தலையைக் கொடுத்துவிட்டு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருப்பார்களா? அன்றைக்கு அந்த வாய்களில் கிடந்து உருண்டது ஒரே பேர்: சோல் இசைப் பாடகி ஜெனீவா டிப்ஸ்.

"முப்பது வருஷம் கழிச்சு ஆல்பம் போடுறாளாம்டி, அறுபத்தொம்பது வயசுல!" என்றாள் நாற்காலியில் இருந்த பியர்லி. "அந்தப் பழைய பாட்டையும் திரும்பப் பாடுறாளாம். கடைசியில ஒரு அலறல் வருமே, யப்பா! நெனச்சாலே புல்லரிக்குது."

வில்லா ஜீன் கையிலிருந்த, சுருட்டை முடியை நீவி நேராக்கும் சூடான இரும்புச் சீப்பு பியர்லியின் காதில் உரசியது.

"ஐயோ, காதக் கருக்கிட்டியே!"

"ஆடாம இரு," என்றாள் வில்லா ஜீன். பியர்லி ஆடவே இல்லை.

வயிறு எரிந்தது வில்லா ஜீனுக்கு. எரியாதா பின்னே? அந்த அலறல் ஜெனீவாவுடையதே இல்லை. நாற்பது வருஷத்துக்கு முன்னால், ஒலிப்பதிவு அன்று, பாட்டின் கடைசியில் ஜெனீவாவுக்குக் குரல் மேலே ஏறவில்லை. பின்பாட்டுக்கு நின்ற வில்லா ஜீன்தான் அடிவயிற்றிலிருந்து ஒரு வீறு வீறினாள். இசைத்தட்டில் ஏறியது அந்த வீறல். அட்டையில் ஏறியது ஜெனீவாவின் முகம் மட்டும். ஊரில் சொல்லிப் பார்க்காமலும் இல்லை. "ஆமாமா, நிலாவுல மொதல்ல கால் வச்சதும் நீதானே" என்று சிரித்தார்கள். புருஷன்கூடச் சிரித்தான், பாவி. அதோடு வாயை மூடிக்கொண்டாள். ஜெனீவா மூட்டுவலியோடு வீட்டில் முடங்கிய பிறகுதான் எரிச்சல் கொஞ்சம் அடங்கியது. இப்போது மறுபடி.

செவ்வாய்க்கிழமை, கடையில் ஆளில்லாத நேரம் பார்த்து, ஜெனீவாவே கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஏண்டி ஜீன், இன்னும் சாகலியா நீ?"

"ஒன்ன அனுப்பிட்டுத்தான் போவேன். என்ன வேணும்?"

"அந்த அலறல் எனக்கு வரலடி. அன்னிக்கும் வரல, இன்னிக்கும் வரல. வியாழக்கிழமை ஸ்டுடியோவுக்கு வா."

அந்த வாயாலேயே ஒத்துக்கொண்டாளே! வில்லா ஜீனுக்கு உள்ளுக்குள் இனித்தது.

"வரேன். அன்னிக்குக் கத்தினதும் இவதான்னு அட்டையில போடு."

ஜெனீவா கைத்தடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இன்னிக்குப் பாடுறதுக்குப் பேர் போடுறேன். பழசு வேணாமே. ஜனங்க என்னை ஞாபகம் வச்சிருக்கிறதே அந்த ஒண்ணுக்காகத்தான்."

"கத்துறவ நான், கைதட்டு ஒனக்கா? முடியாது, போ."

"அப்ப அந்த இடத்தக் காலியா விட்டுடுவேன்."

"விடு. ஊரு சிரிக்கட்டும்."

ஊர் சிரிக்கவில்லை. ஆல்பம் வெளிவந்த சனிக்கிழமை, கடை வானொலியில் அந்தப் பாட்டு வந்தது. ஜெனீவாவின் குரல் தடித்து, தேய்ந்து, ஆனாலும் ஆளைப் பிடித்து உட்காரவைத்தது; அதை வில்லா ஜீனால் மறுக்க முடியவில்லை, அதுவும் எரிந்தது. கடைசியில் வாத்தியங்கள் சட்டென்று நின்றன. அலறல் வரவேண்டிய இடத்தில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு வாத்தியங்கள் மறுபடி சேர்ந்து பாட்டை முடித்தன.

"கேட்டீங்களா அந்த மௌனத்தை?" என்று உருகினான் அறிவிப்பாளன். "இவளைத் தவிர வேற யாருக்கு வரும் இந்தத் துணிச்சல்?"

பியர்லி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அடப்பாவிகளா! நான் வாய் திறந்ததற்கும் பேர் அவளுக்கு, திறக்காததற்கும் அவளுக்கா? வில்லா ஜீன் சீப்பை அடுப்பில் போட்டாள். நேயர்கள் கேட்டார்கள் என்று வானொலியில் உடனே மறுபடியும் போட்டார்கள். அணைத்துவிடலாம் என்று போனாள். குமிழில் கை வைக்கும்போது அந்த இடம் வந்துவிட்டது. வாத்தியங்கள் நின்றன. அவள் தொண்டை தானாகத் திறந்துகொண்டது.

கொஞ்சம் கரகரப்பு. மற்றபடி அதே வீறல். முடி உலர்த்த உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். வில்லா ஜீன் மூச்சு வாங்க நின்றாள். இப்போது தெரிந்திருக்கும். இனி யாரும் சொல்லவே வேண்டாம்.

பியர்லி வாயைப் பிளந்தாள். "அம்மாடி! அச்சு அசல் ஜெனீவா மாதிரியே கத்துறியே! எத்தன நாளா பழகுன?"

"நாப்பது வருஷமா," என்று சொல்லி, வில்லா ஜீன் அடுப்பிலிருந்து சீப்பை எடுத்தாள்.

பியர்லி இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள்.